பூட்டில்லாத கொம்பியூட்டர்

கலியாணம் பேசுகிறவள் வாய் திறந்தால் பொய் என்பது ஊரின் தீர்ப்பு. இணுவிலில் நான் கலியாணம் பேசுகிற கந்தோர் ஒன்று வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. என்னிடம் பெண் தேடி வந்தவர்களும் மாப்பிள்ளை தேடி வந்தவர்களும் சொன்ன பொய்களில் கால்வாசிகூட நான் சொல்லியிருக்க மாட்டேன். உயரத்தைக் கூட்டுவார்கள், வயதைக் குறைப்பார்கள், லண்டனில் பெற்றோல் செட்டில் நிற்கிறவனை முகாமையாளர் என்பார்கள். அதையெல்லாம் விசாரித்து, சல்லடை போட்டு, மிஞ்சுகிற உண்மையை மற்றப் பக்கத்துக்குச் சொல்லுவதுதான் என் தொழில். குணலட்சுமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த ஒரு பேரை வைத்துத்தான் நானும் என்னோடு வேலை செய்கிற ஸ்ரெல்லாவும் சாப்பிடுகிறோம்.

கந்தோரில் ஒரு கொம்பியூட்டர். வலிகாமத்திலிருந்து வடமராட்சி வரை, ரொறன்ரோவிலிருந்து சூரிச் வரை, எங்கள் பிள்ளைகளின் சாதகங்கள் எல்லாம் அதற்குள்தான். முதலில் எல்லோரையும் போல நாங்களும் கள்ளச் சீடியில் ஏற்றிய சிஸ்டத்தைத்தான் பாவித்தோம். கடைக்காரன் போட்டுத் தந்தான், வேலை செய்தது, அதற்குமேல் யார் யோசித்தார்கள்? ஒருநாள் ஒரு தகப்பன் மகளின் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தார். அடுத்த நாள் காலை ஒரு சாதகமும் திறக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பில் இங்கிலிஷ். டொலர் அனுப்பினால்தான் திறந்து விடுவார்களாம். எந்தத் தேசத்திலோ இருக்கிற கள்ளன் ஒருவன் எங்கள் குமர்ப்பிள்ளைகளின் சாதகங்களைப் பணயம் பிடித்து வைத்திருக்கிறான். நான் இருந்து அழுதேன். ஸ்ரெல்லா செபமாலையை எடுத்தாள்.

அப்போது வந்தவன்தான் வாகீசன். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற பூரணமக்காவின் ஒரே மகன். கம்பசில் கொம்பியூட்டர் படித்துவிட்டு, பார்மசி, ரியூசன் சென்ரர், இரும்புக்கடை என்று கண்ட கண்ட இடமெல்லாம் லினக்ஸ் என்றொரு சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அது ஒரு விசர். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதினது, விலை இல்லை, கள்ளமும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், யாபாரத்துக்கும் தாராளமாகப் பாவிக்கலாம் என்று எனக்கு நின்ற நிலையில் வகுப்பு எடுத்தான். சும்மா தருகிற சாமானை நான் நம்புகிறவள் இல்லை. சீதனம் வேண்டாம் என்று வருகிற மாப்பிள்ளையை நான் இரண்டு தரம் விசாரிக்கிறவள், தம்பி என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு ஏற்றினான்.

பழைய கடதாசிக் குறிப்புகளைப் பார்த்து ஸ்ரெல்லா எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். அதற்குப் பிறகு வந்த சாதகங்களுக்குக் கடதாசியே வைக்கவில்லை. ஆனால் நாங்கள் பொருத்தம் பார்க்கிற புரோகிராம் இந்தியாவிலிருந்து வந்தது, புதுச் சிஸ்டத்தில் ஓடவில்லை. ஓடாவிட்டால் எழுதினால் போச்சு என்று வாகீசன் தானே ஒன்றை எழுதத் தொடங்கினான். மாதக்கணக்கில் எழுதினான். அதில்தான் என்னை வென்றான்.

எங்கள் ஊர்களில் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். சந்திரன் எந்த நேரத்தில் எந்த நட்சத்திரத்துக்குள் போகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகாது, சில வேளை மணித்தியாலக் கணக்கில் வித்தியாசம் வரும். அந்த இடைவெளிக்குள் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் வாக்கியக்காரருக்கு அது ஒரு நட்சத்திரம், திருக்கணிதக்காரருக்கு வேறு நட்சத்திரம். வாக்கியம் பார்க்கிற குடும்பம் மற்றதைத் தொடாது. வருஷப்பிறப்புக்குத் தலையில் மருத்துநீர் வைத்து முழுகுகிற நேரத்திலேயே ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இந்தியப் புரோகிராமுக்கு இந்தச் சோலி தெரியாது. வாகீசன் எழுதினதில் இரண்டு பஞ்சாங்கமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடுவேன், முடிவெடுப்பது அவர்கள் பாடு. அதுதான் என் வழக்கம்.

அந்தப் புரோகிராமை அவன் பூட்டி வைக்கவும் இல்லை. விரும்பினவர்கள் எடுக்கட்டும் என்று இன்ரநெற்றில் போட்டுவிட்டான். விற்றிருந்தால் ஒரு வீடு கட்டியிருக்கலாமே விசரா என்று ஏசினேன். அதற்கும் சிரிப்புத்தான்.

நன்றாகத்தான் போனது. பிறின்ரர் மக்கர் பண்ணினால் வருவான், படம் வரவில்லை என்றால் வருவான், கூப்பிட்ட குரலுக்கு சைக்கிளில் வந்து நிற்பான். உலகத்துக்கே சொந்தமான சிஸ்டம் என்றான் அல்லவா, அந்த உலகத்தில் இணுவிலுக்கென்று இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் போனால் என் கந்தோர் என்ன கதி என்று எனக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு தை மாதம் பூரணமக்கா மஞ்சள் பூசிய சாதகத்தோடு படியேறி வந்தார். யாருக்குப் பெண் தேட வந்திருக்கிறார் என்று கேட்கத் தேவையில்லை.

"கனடாவிலை ஒண்டு பாரும், குணலட்சுமி. இஞ்சை இருந்து ஊருக்கெல்லாம் சும்மா வேலை செய்து என்ரை பிள்ளை என்னத்தைக் கண்டான்?"

எத்தனையோ தாய்மார் இந்தக் கதிரையில் இருந்து இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. சாதகத்தைக் கொம்பியூட்டரில் அடித்தேன். அவன் ஏற்றிய சிஸ்டத்தில், அவன் எழுதிய புரோகிராம், அவனுக்கே பெண் தேடியது. ஒரு பிள்ளை வந்தது. சாருஜா. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம், எனக்கு விசாரிக்கவே தேவையில்லாத இடம். வாகீசன் அவிட்டம். திருக்கணிதத்தின்படி பெண் ரோகிணி, பொருத்தம் அருமை. வாக்கியத்தின்படி பெண் மிருகசீரிடம், அதில் இரச்சு அடிபட்டது. இரச்சு என்பது தாலிக்கயிற்றுப் பொருத்தம். மற்றது எல்லாம் இருந்து அது ஒன்று இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள், மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

பூரணமக்கா வாக்கியக்காரி. சும்மா வாக்கியக்காரி இல்லை, புருஷனின் திவசத்துக்கு நாள் குறித்ததில் தன் சொந்தத் தங்கச்சியோடு கதைபேச்சை விட்டவர். நான் திரையை என் பக்கம் திருப்பினேன். நீங்கள் வாக்கியம்தானே அக்கா, வாக்கியப்படி இரச்சு இல்லை, தம்பியின் தலைக்கு ஆகாது என்றேன். மற்றப் பக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னது பொய்யா? இல்லை. எந்தக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் சொல்லுவேன், ஒரு சொல் பொய் இல்லை.

அவர் முகம் வாடிப்போனது. அந்தப் பிள்ளையின் குறிப்பில் ஒரு பிரதி மட்டும் தரச்சொல்லிக் கேட்டார். கொடுக்காமல் விட ஒரு காரணமும் என் வாயில் வரவில்லை, அடித்துக் கொடுத்தேன். அன்றைக்குக் கந்தோரைப் பூட்டும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆறுதல்தான் கூட.

மாசி பிறக்க முதல் பூரணமக்கா திரும்பி வந்தார். கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சாத்திரியாரிடம் காட்டினாராம். அவர் திருக்கணிதத்தில் பார்த்து, இதைப் போலப் பொருத்தம் லேசில் கிடைக்காது என்றாராம். திவசத்துக்காகத் தங்கச்சியை அறுத்துவிட்ட மனுஷி, வாக்கியம் இந்த மண்ணுக்குத்தான் சரி, கனடாவில் பிறந்த பிள்ளைக்குத் திருக்கணிதம்தான் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். கனடா என்று வந்தால் சந்திரனும் இடம் மாறி நிற்கும் போலிருக்கிறது.

எழும்பும்போது கதவடியில் நின்று கேட்டார்.

"உம்மடை கொம்பியூட்டரிலை ரெண்டு பஞ்சாங்கமும் வருமெண்டு தம்பி சொல்லுறான். நீர் ஏன் எனக்கு ஒண்டை மட்டும் சொன்னனீர்?"

நீங்கள் வாக்கியக்காரர் என்றபடியால் என்று இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அவர் எனக்குச் சொல்லாததைக் கந்தசுவாமி கோயில் வீதியில் கண்டவர் எல்லோருக்கும் சொன்னார் என்று பிறகு அறிந்தேன்.

ஆவணியில் கலியாணம். அடுத்த வருஷம் விசா வந்தது. போவதற்கு முதல் வாகீசன் கந்தோருக்கு வந்து எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தான். கோபமே இல்லை அவனிடம். என்னைப் பிடித்து வைத்திருக்கத்தானே அன்ரி அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுச் சிரித்தான். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. உனக்கென்ன, நீ பறந்துவிடுவாய், நாளைக்கு இது நின்றால் நான் யாரிடம் போவேன் என்று ஏசினேன். எல்லாம் திறந்துதானே கிடக்கிறது, யாரென்றாலும் வந்து பார்க்கலாம் என்றான்.

"திறந்து கிடக்கிற வீட்டுக்குள்ளை வாறதுக்கு ஊரிலை ஆள் வேணுமே, தம்பி," என்றேன்.

அதற்கு அவன் சிரிக்கவில்லை. பலாலியில் விமானம் ஏறிச் சென்னை வழியாகப் போய்விட்டான்.

அவன் போய்ச் சில மாதம் கழித்து நடந்தது அது. சிஸ்டத்தைப் புதுப்பிக்கட்டுமா என்று கொம்பியூட்டர் நாளாந்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ரெல்லா பொறுமை இழந்து ஒருநாள் ஓம் என்று அமத்திவிட்டாள். அது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு பற்றரிப் பெட்டி வைத்திருந்தோம். அந்தப் பற்றரி எப்போதோ செத்துவிட்டிருந்தது. அதையெல்லாம் பார்க்கிறவன் வாகீசன் அல்லவா, எங்களுக்கு எப்படித் தெரியும்? கரண்ட் திரும்பி வந்தபோது கறுப்புத் திரை. அதில் வெள்ளையாய் நாலு வரி இங்கிலிஷ். வேறொன்றும் இல்லை.

ரவுணில் இருக்கிற கொம்பியூட்டர்க் கடைகளுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். லினக்ஸ் என்றதும் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். தங்களுக்குத் தெரிந்த சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றித் தருவார்களாம், உள்ளே இருப்பது அழிந்துபோகுமாம். அழிந்தால் நான் என்னத்துக்கு உயிரோடு இருக்கவேண்டும்? திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வாகீசனுக்குப் போன் எடுத்தோம். பாவம், அவன் அங்கே கொம்பியூட்டரைத் தொடுவதே இல்லையாம். உறைய வைத்த றொட்டி பொதி பண்ணுகிற தொழிற்சாலை, இரண்டு வேலை. இடைவேளையில் நின்று கதைத்தான். திரையில் இருந்ததை ஸ்ரெல்லா எழுத்தெழுத்தாக வாசித்தாள், அவன் சொன்னதை எழுத்தெழுத்தாக அடித்தாள். நடுவில் அவனை யாரோ கூப்பிடுவது கேட்கும், போனை வைத்துவிடுவான். இப்படிப் பல நாள். கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது. ஒருநாள் அவன் குரல் உடைந்து, இவ்வளவு தூரத்திலிருந்து தன்னால் முடியவில்லை அன்ரி என்றான். நான் அவனைத் தேற்றினேன். என்னைத் தேற்ற யாருமில்லை.

சாதகம் கேட்டு வருகிறவர்களுக்குக் கொம்பியூட்டர் பழுது என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்தது. ஒருவர் இரண்டு தரம் வருவார், மூன்றாம் தரம் இன்ரநெற் கலியாணத் தளத்துக்குப் போய்விடுவார். ஸ்ரெல்லா மேசையைத் துடைத்துவிட்டு, துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தாள். கடையும் இல்லை, தொழிலும் இல்லை, இரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் வாகீசன் ஒரு ஆளை அனுப்பினான். லினக்ஸ்காரர்கள் இன்ரநெற்றில் கூடிக் கதைக்கிற இடமொன்றில் பழக்கமாம். உடுப்பிட்டிப் பிள்ளை, பேர் பிரசாந்தி. ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது இருக்கும். கதை குறைவு. தேத்தண்ணியைக்கூட ஆறவிட்டுவிட்டு, ஒரு பென்டிரைவைக் குத்தி, கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்து என்னவோ அடித்தாள், வாசித்தாள், அடித்தாள். வாகீசன் எழுதிய புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். பொழுது சாய முதல் எங்கள் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒரு சாதகம்கூடப் போகவில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே கேட்டேன், என்னோடு நில், பிள்ளை என்று. அவளும் ஓம் என்றாள். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறாளாம், மிச்ச நேரத்தில் வருவாளாம்.

நான் கலியாணத் தரகி, கேட்காமல் இருப்பேனா? இந்த வயதுவரை ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்று கேட்டேன். எட்டில் செவ்வாய் என்றாள். பாவப் புள்ளியும் கூட. எட்டில் செவ்வாய்க்கு எட்டில் செவ்வாய்தான் சேர்க்க வேண்டும், அதுவும் பாவம் சமப்பட வேண்டும். வருகிற சாதகங்களில் அப்படி ஒன்று அகப்படுவது குதிரைக்கொம்பு. தகப்பன் இல்லை, இவள் கலியாணம் முடிக்காததால் இவளுக்குப் பின்னால் ஒரு தங்கச்சி காத்துக்கொண்டு இருக்கிறாளாம்.

அதைக் கேட்டபோது என் மனதில் முதல் வந்தது என்ன தெரியுமா? நல்லதாய்ப் போச்சு, இவள் எங்கேயும் போகமாட்டாள். ஊரிலுள்ள குமர்ப்பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டேன் என்று மார்தட்டுகிறவளுக்கு வந்த எண்ணத்தைப் பாருங்கள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் அவளுக்குப் பிடிக்குமென்று கேட்டறிந்து தோசை சுட்டுக்கொண்டு போனேன்.

சில கிழமைக்குப் பிறகு, ஸ்ரெல்லா சாப்பிடப் போயிருந்த நேரம், பிரசாந்தி தன் கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். தன் சாதகத்தைப் போட்டுப் பார்த்தாளாம். ஒன்று பொருந்துகிறதாம். இரண்டு பஞ்சாங்கத்திலும் பொருந்துகிறதாம். சுவிஸ் மாப்பிள்ளை, முதல் கலியாணம் முறிந்தவர், அவருக்கும் எட்டில் செவ்வாய், பேர் குகதாசன். என்னைத்தான் அந்த வீட்டோடு கதைக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை.

நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

குகதாசனை எனக்குத் தெரியும். அவனுடைய முதல் பெண்டாட்டியின் தாய், மீனாம்பிகை, பிரசாந்தி இருந்த அதே கதிரையில் இருந்துதான் அழுதவர். மகளின் கையை அவன் முறித்தான். அதற்கு முதலும் அடித்திருக்கிறான், ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததென்று சொல்ல வைத்திருக்கிறான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பேசிக் கொடுத்தது நானில்லை, வேறொருவர். ஆனாலும் நான்கு இடத்தில் விசாரித்து உறுதிப்படுத்தினேன். பிறகு அவன் வீட்டார் இரண்டாம் கலியாணத்துக்கென்று கொண்டுவந்து தந்த சாதகத்தை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

பின்னே ஏன் அதை அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் ஒன்றையும் அழிக்கிறதில்லை. கூடாதவன் என்று எழுதி வைக்கிறதும் இல்லை. சின்ன ஊர் இது, எழுதினால் வெளியே போகும், போனால் வழக்கு வரும், அடிபட்ட பெண்ணின் பேர்தான் முதலில் நாறும். எவனைக் கொடுக்கக்கூடாது என்பதை மட்டும் நான் தலைக்குள் வைத்திருப்பேன். கொம்பியூட்டரில் பூட்டே இல்லை, எல்லாம் திறந்து கிடக்கிறது. பூட்டி வைத்தது என் தலைக்குள் இருந்த அது ஒன்றுதான். இத்தனை வருஷம் அது போதுமாக இருந்தது, ஏனென்றால் குணலட்சுமி வேண்டாம் என்றால் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

"வேண்டாம், பிள்ளை. அவன் கை நீட்டுறவன். முதல் பெண்டாட்டியின்ரை கையை முறிச்சவன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்லப் போனது. கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

"வாகீசனுக்கும் ஆகாது எண்டுதானே அன்ரி சொன்னனீங்கள்," என்றாள்.

அது வேறு, இது வேறு என்றேன். அப்போது சொன்னதும் பொய்யில்லை என்றேன். ஒரு பஞ்சாங்கத்தை மட்டும் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது தரகர்ப் பேச்சாகக் கேட்டது. வாகீசன் அதை ஒரு பகிடியாகத்தான் இவளுக்குச் சொல்லியிருப்பான். பகிடி இல்லாத இடத்தில் வந்து அது என்னைப் பிடித்தது.

சரி, என்னை நம்ப வேண்டாம், அந்தத் தாயை நம்பட்டும் என்று மீனாம்பிகைக்குப் போன் எடுத்தேன். ஒரு வார்த்தை இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மகளுக்கு இரண்டாவதாக ஒரு இடம் சரிவந்திருக்கிறது, ஒத்துவராமல் பிரிந்ததென்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம், எங்களை இதற்குள் இழுக்காதீர்கள் என்றார். நான் பிரசாந்தியின் பேரைக்கூடச் சொன்னேன். ஒரு பாவமும் அறியாத பிள்ளை என்றேன். என்ரை பிள்ளையும் அப்பிடித்தான் போனது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் ஒரு மகள்.

வாகீசனுக்கு எடுத்தேன். இடைவேளைக்குக் காத்திருந்து பிடித்தேன். நீயாவது அவளுக்குச் சொல் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உண்மையாகவோ அன்ரி என்று கேட்டான். அவனும் கேட்டான்.

அதற்குப் பிறகு பிரசாந்தி அந்தக் கதையை எடுக்கவில்லை. நாளாந்தம் வரத் தொடங்கினாள். புதுப் பற்றரி வாங்கிப் பூட்டினாள். சாதகங்கள் எல்லாம் தானாகவே இன்னொரு பெட்டியிலும் பதிகிற மாதிரிச் செய்தாள். ஸ்ரெல்லாவைப் பக்கத்தில் இருத்தி, சிஸ்டத்தை எப்படிப் புதுப்பிப்பது, நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். வேண்டுமென்றே அதைக் குழப்பிவிட்டு, இப்போது திருத்துங்கள் அக்கா என்பாள். ஸ்ரெல்லா முதலில் நடுங்கினாள், பிறகு திருத்தினாள், பிறகு சிரித்துக்கொண்டே திருத்தினாள். எனக்குக்கூடச் சிலது பிடிபட்டது. பிள்ளை மனம் மாறிவிட்டாள், இங்கேயே நிற்கப் போகிறாள், அதற்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று நான் நம்பினேன். ஆண்டவனே என்று மனம் கொஞ்சம் ஆறியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரெல்லா தனியே, யாரையும் கேட்காமல், சிஸ்டம் முழுவதையும் புதுப்பித்து முடித்தாள். பிரசாந்தி கைதட்டினாள். பிறகு என் மேசைக்கு வந்து, அன்றைக்குப் போலவே கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இனி நான் போனாலும் உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது, அன்ரி. ஸ்ரெல்லா அக்கா எல்லாம் பார்ப்பா. நீங்கள் ஆரையும் பிடிச்சு வைச்சிருக்கத் தேவையில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. அந்தாள் நல்லவர்தானே?"

இதற்காகவா பிள்ளை இத்தனை நாள் மினக்கெட்டாய்? என் பொய்க்கு என்ன காரணமென்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தைத் தன் கையாலேயே தீர்த்து வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவ்வளவு நல்ல பிள்ளை. பொய் இருந்தால்தானே நான் அதைத் திருப்பி எடுப்பேன்? அவள் இரண்டு கையையும் பிடித்தேன்.

"அவன் அடிக்கிறவன், பிள்ளை. என்ரை அம்மாளாச்சியாணை, அவன் அடிக்கிறவன்."

அவள் கையை உருவவில்லை. பயந்துபோன குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"பயப்பிடாதேங்கோ, அன்ரி. இது இனி நிக்காது," என்று கொம்பியூட்டரைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். பிறகு திரையில் இருந்த குகதாசனின் சுவிஸ் நம்பரைப் பார்த்துத் தன் போனில் அடிக்கத் தொடங்கினாள்.